படம் இருக்கிறது, தேதி எங்கே? பயணப் படங்களுக்குள் நாள், இடம், பெயர் சேர்க்கும் முறை

டிஜிட்டல் கேமராவும் மொபைலும் வந்த பிறகு படம் எடுப்பது பெரிய விஷயமில்லை. பஸ்ஸில் போகும்போது, ரயிலுக்குக் காத்திருக்கும்போது, சந்தையில், திருவிழாவில் எல்லோரும் எடுக்கிறோம். எடுத்த படம் பத்து வருடம் கழித்து எதற்காவது பயன்படுமா என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் இருப்பதில்லை. எனக்கும் இல்லாமல்தான் இருந்தது. ஒரு ராகி வயல்தான் கற்றுக் கொடுத்தது.

எங்கள் வீடு ஓசூர் பக்கம், சானமாவு காட்டுக்கு அருகில். மழைக்காலம் முடிந்து ராகிக் கதிர் முற்றும் நேரத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வருவது ஒவ்வொரு வருடமும் நடப்பது. ஒரு நாள் இரவு பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் வயலில் புகுந்துவிட்டன. காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உன் பெரிய கேமராவைக் கொண்டு வாப்பா, மனு கொடுக்கணும், நாலு படம் பிடிச்சுக் கொடு" என்றார். மொபைலில் எடுத்திருந்தாலே போதும். ஆனால் 'பெரிய கேமரா' என்று கேட்டுவிட்டாரே! அலமாரியில் பல மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த கேமராவை எடுத்து, பேட்டரியை சார்ஜ் செய்து, பெருமையாகப் போய் இருபது படங்கள் எடுத்தேன். படுத்துக் கிடந்த பயிர், ஈர மண்ணில் வட்ட வட்டமாகக் காலடித் தடங்கள், எல்லாம் துல்லியம். ஓசூரில் பிரிண்டும் போட்டாயிற்று.

பிரிண்டைக் கையில் வாங்கிய பெரியப்பா ஓரத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, பத்து வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு?" என்றார். கேமராவில் தேதி அச்சிடும் வசதி ஆன் ஆகி இருந்திருக்கிறது. நீண்ட நாள் பேட்டரி இல்லாமல் கிடந்ததால் உள்ளே இருந்த கடிகாரம் தன் ஆரம்ப தேதிக்கே போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. மறுபடி எடுக்கலாம் என்று ஓடினால், அதற்குள் மழை பெய்து தடங்கள் கரைந்திருந்தன. மிச்சத்தை மொபைலில் எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் படங்கள் எங்கள் இருவருக்கும் மட்டுமே உண்மை. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு வருடத்து ஏதோ ஒரு வயல்.

அந்த வாரம் உட்கார்ந்து என் பழைய படங்கள் எல்லாவற்றையும் சோதித்தேன். கிடைத்த பாடத்தைத்தான் இங்கே தருகிறேன். இதற்குப் பணம் கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை.

படத்துக்குள் என்ன இருக்கிறது?

கேமரா ஒரு ஜேபெக் ஃபைலை எழுதும்போது படத்தோடு ஒரு சின்னக் குறிப்பேட்டையும் சேர்த்தே எழுதுகிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-ல் ஜப்பான் மின்னணுத் துறை அமைப்பு ஒன்று வகுத்த தரம் இது. இன்று ஏறக்குறைய எல்லாக் கேமராக்களும் மொபைல்களும் இதைப் பின்பற்றுகின்றன. கேமராவின் மாடல், ஷட்டர் வேகம், எடுத்த தேதி, நேரம், ஜிபிஎஸ் இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இதில் இருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸில் ஒரு போட்டோவின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் செல்லுங்கள். டீடெய்ல்ஸ் என்ற டேபைத் திறந்தால் 'டேட் டேக்கன்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் படம் எடுத்த நேரம். ஜெனரல் டேபில் இருக்கும் 'கிரியேட்டட்' தேதியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது அந்த ஃபைல் இந்த டிஸ்க்குக்கு வந்த தேதி. பென் டிரைவிலிருந்து நேற்று காப்பி செய்திருந்தால் நேற்றைய தேதியைத்தான் காட்டும். 'மாடிஃபைட்' தேதி ஃபைலைக் கடைசியாகத் திருத்திய தேதி. படத்தைத் திருப்பி சேவ் செய்தாலே மாறிவிடும். ஆகவே மூன்று தேதிகளில் நம்பத் தகுந்தது ஒன்றுதான். அதுவும் கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால்.

ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு இன்னொரு சிக்கல். அப்பாவின் ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்த படத்தில் இருப்பது ஸ்கேன் செய்த தேதி. டேட் டேக்கன் வரி காலியாகவும் இருக்கலாம். அந்த வரியின் மீது கிளிக் செய்து நீங்களே தேதியைக் கொடுக்கலாம். சரியான நாள் தெரியாவிட்டால் வருடத்தை மட்டும் சரியாகக் கொடுத்து, குறிப்பில் 'சுமார்' என்று எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரிந்தது போலப் பதிவு செய்யாமல் இருப்பது முக்கியம்.

கடிகாரத்தைத் திருத்துவது

கேமராவில் முதன்மை பேட்டரியைத் தவிர, கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு சிறிய மின்சேமிப்பு இருக்கும். முதன்மை பேட்டரி தீர்ந்து வெகுநாள் ஆனால் அதுவும் தீர்ந்து கடிகாரம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். மொபைலில் இந்தத் தொல்லை இல்லை. அது நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. கேமராவில் அப்படி வசதி இல்லையென்றால் நாம்தான் பார்க்க வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். பயணம் கிளம்பியதும் கேமராவில் முதல் படமாக மொபைல் திரையை எடுக்கிறேன். திரையில் நேரம், நிமிடம், விநாடி தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைத் திறந்து, திரையில் தெரியும் நேரத்தையும் எக்ஸிஃபில் உள்ள நேரத்தையும் ஒப்பிட்டால் கேமரா எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தை மொத்தப் படங்களுக்கும் ஒரே தடவையில் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். டிஜிகேம் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'டைம் அட்ஜஸ்ட்' என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. இப்படி எடுத்த கடிகாரப் படத்தைக் காட்டினால் வித்தியாசத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்டில் வேலை செய்யத் தயங்காதவர்களுக்கு எக்ஸிஃப்டூல் இருக்கிறது. ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் இலவசமாகத் தரும் கருவி. எக்ஸிஃப் சம்பந்தமாக அது செய்யாத வேலை இல்லை என்றே சொல்லலாம். முதல் தடவை ஒரு காப்பியின் மீது முயன்று பாருங்கள்.

பெரியப்பாவின் வயல் படங்களையும் இப்படித் திருத்தினேன். அதே நாள் காலையில் கேமராவை ஆன் செய்தபோது அதன் கடிகாரம் எங்கிருந்து ஓட ஆரம்பித்தது என்று தெரிந்ததால் கணக்குப் போட முடிந்தது. ஆனால் இதில் ஒரு நேர்மைப் பிரச்சினை இருக்கிறது. இவ்வளவு சுலபமாகத் தேதியை மாற்ற முடியும் என்றால், எக்ஸிஃப் தேதியை அத்தாட்சி என்று யாராவது எப்படி ஏற்பார்கள்? நியாயமான கேள்விதான். திருத்திய படங்களை நான் மனுவுக்குக் கொடுக்கவில்லை. என் தொகுப்புக்காக மட்டுமே வைத்திருக்கிறேன், அதுவும் 'நேரம் பின்னர் திருத்தப்பட்டது' என்ற குறிப்போடு. திருத்தாத அசலும் தனி போல்டரில் இருக்கிறது.

ஜிபிஎஸ் நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸிஃபில் சாதாரண நேரம் நம் கடிகார நேரம். ஆனால் ஜிபிஎஸ் பகுதியில் எழுதப்படும் நேரம் உலகப் பொது நேரம், அதாவது நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் குறைவு. விடியற்காலை 5 மணிக்கு யானை சாலையைக் கடக்கும் படத்தை எடுத்தால், ஜிபிஎஸ் பகுதியில் முந்தைய நாள் இரவு 11.30 என்று இருக்கும். தேதியே மாறிவிடும்! இது தவறில்லை, படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எந்த நேர மண்டலம் என்று எழுதுவதற்கான இடமே எக்ஸிஃபில் 2016-ல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதனால் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய் வந்த பழைய படங்களில் நேரக் குழப்பம் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இடம்: பெயர் மாறும், எண் மாறாது

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். லின்னேயஸ் ட்ரைப் (1822-1902) என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாணப் படையில் அதிகாரி. விடுமுறையில் இங்கிலாந்து போயிருந்தபோது பொழுதுபோக்காகப் போட்டோ கலையைக் கற்றுக்கொண்டவர். நம்மைப் போல அமெச்சூர்தான். 1854 இறுதியில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்களும் அடுத்து பர்மாவில் எடுத்தவையும் பெயர் வாங்கித் தர, சென்னை அரசு அவரையே அரசுப் புகைப்படக்காரர் ஆக்கியது. 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பி, ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் அந்தப் படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அதில் ஒரு தொகுதிக்கே ராயக்கோட்டையின் பெயர். எங்கள் ஊரிலிருந்து ராயக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸிலேயே போகலாம்!

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள், ரசாயனப் பாட்டில்கள், பெரிய மரக் கேமரா. ரயில் இந்தப் பக்கம் வராத காலம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். இன்று மொபைலில் பனோரமா என்று ஒரு பட்டனை அழுத்துகிறோமே, அதை 1858-ல் கையால் செய்திருக்கிறார். ஆனாலும் அரசுக்கு இது வீண் செலவாகப் பட்டது. டிரெவெல்யன் கவர்னராக வந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இவரை இங்கே இழுத்ததற்குக் காரணம், தொகுதியின் தலைப்பு. ராயக்கோட்டை 'சேலம் மாவட்டத்தில்' இருப்பதாக அதில் இருக்கிறது. அப்போது அது சரி. 1965-ல் தருமபுரி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. இன்றைக்குச் 'சேலம் மாவட்டம்' என்று தேடுபவருக்கு ராயக்கோட்டை வராது. 'கிருஷ்ணகிரி' என்று தேடுபவருக்கு ட்ரைப் கிடைக்கமாட்டார். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முகவரிதான் இரண்டு முறை மாறிவிட்டது.

இது 1858-ன் கதை மட்டுமல்ல. பள்ளி நாட்களில் நான் எடுத்த படங்களில் 'என்எச் 7' என்று குறித்து வைத்திருந்தேன். 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் அறிவிக்கப்பட்டதில் எங்கள் சாலை 44 ஆகிவிட்டது. பழைய 7 என்ற எண் வேறு சாலைக்குப் போய்விட்டது. பெங்களூர் 2014 நவம்பரில் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனது. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. ஆகவே பெயர் எழுதுங்கள், கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் வையுங்கள். அவை எந்த அரசாணைக்கும் மாறாது.

மொபைலில் கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன் டேக்ஸ்' என்பதை ஆன் செய்தால் இது தானாக நடக்கும். ஆனால் ஓடும் பஸ்ஸில் எச்சரிக்கை தேவை. மொபைல் புதிதாக இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை பழைய இடத்தையே எழுதிவிடக்கூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் தாமதமானால் படம் 1.3 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளம்பும் முன் மேப் ஒன்றைத் திறந்து வைத்திருந்தால் இந்தத் தாமதம் பெரும்பாலும் குறைகிறது.

ஜிபிஎஸ் இல்லாத கேமராவுக்கு வேறு வழி. மொபைலில் ஜிபிஎஸ் லாகர் ஆப் ஒன்றைப் போட்டு, ஐந்து விநாடிக்கு ஒரு முறை இடத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இது சுமார் 83 மீட்டருக்கு ஒரு புள்ளி. நமக்குத் தாராளம். பயணம் முடிந்ததும் கிடைக்கும் ஜிபிஎக்ஸ் ஃபைலை கம்ப்யூட்டருக்கு மாற்றி, டிஜிகேமின் ஜியோலொகேஷன் எடிட்டரில் கொடுத்தால், படத்தின் நேரத்தையும் பாதையின் நேரத்தையும் ஒப்பிட்டு ஒவ்வொரு படத்துக்கும் இடத்தை எழுதிவிடும். நேர மண்டலத்தை மட்டும் ஐந்தரை மணி என்று சரியாகக் கொடுக்க வேண்டும்.

கடிகாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இங்கேதான் புரியும். கேமராவின் நேரம் இரண்டு நிமிடம் தவறாக இருந்தால், அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் இடம் இரண்டு கிலோமீட்டர் தவறும். சூளகிரியில் எடுத்த டீக்கடை காட்டுக்குள் போய்விடும்.

என்ன எழுதுவது, எந்த எழுத்தில் எழுதுவது?

நாளும் இடமும் இயந்திரம் எழுதும். படத்தில் இருப்பது என்ன என்பதை நாம்தான் எழுத வேண்டும். பலரும் இங்கேதான் சோம்பல் படுகிறோம். 'பஸ்', 'டிரெயின்', 'நல்ல வியூ' என்று எழுதுவதில் பயனில்லை.

ரயில் ரசிகர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவில் வாழ்ந்த சில இந்திய ரயில் ஆர்வலர்கள் 1989-ல் தொடங்கிய இந்திய ரயில் ரசிகர் மன்றம் இன்று பெரிய தொகுப்பு. இவர்கள் ஒரு படத்துக்குக் குறிப்பு எழுதினால் ரயிலின் பெயர், எஞ்சினின் வகையும் எண்ணும், அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது, எந்த இரு நிலையங்களுக்கு நடுவே, எந்தத் திசையில் போகிறது என்று எழுதும் பழக்கம் உள்ளவர்கள். எஞ்சினின் பக்கவாட்டிலேயே எண்ணும் ஷெட் பெயரும் எழுதியிருக்கும். முப்பது விநாடி வேலை. பிற்காலத்தில் ஒரு டீசல் எஞ்சின் எங்கெல்லாம் ஓடியது என்று யாராவது தேடினால் இந்தப் படங்கள்தான் பேசும்.

எங்கள் பெங்களூரு - ஓசூர் - தருமபுரி - சேலம் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஒரு குறுகிய பாதை ரயில் ஓடத் தொடங்கியது. 1941-ல், உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பிறகு மீட்டர் கேஜ் வந்தது, அப்புறம் பிராட் கேஜ் ஆனது. சில ஆண்டுகளுக்கு முன்வரை டீசல் எஞ்சின்கள் புகை விட்டுக்கொண்டு ஏறிய மேடு இது. இப்போது தலைக்கு மேலே மின்கம்பி. 2023 டிசம்பர் 30 அன்று கோவை - பெங்களூரு வந்தே பாரத் தொடங்கி, ஓசூரிலும் நின்று போகிறது. வந்தே பாரத்தை அன்று நூறு பேர் எடுத்தார்கள். அதற்கு முன்பு கம்பி இல்லாத வானத்தின் கீழே நின்ற டீசல் எஞ்சினை எத்தனை பேர் எடுத்து, தேதியும் எழுதி வைத்திருக்கிறார்கள்? என்னிடம் மூன்று படங்கள் இருக்கின்றன. ஒன்றில்தான் தேதி சரி.

இன்னொரு உதாரணம், ஜூஜூவாடி எல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் நீண்ட வரிசையில் நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. டிரைவர்கள் நிழலில் சமைத்துச் சாப்பிடுவார்கள். யாருக்கும் அது படம் எடுக்கத் தக்க விஷயமாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தினமும் பார்ப்பதை யார் எடுப்பார்கள்? இப்போது அந்த வரிசை இல்லை. ஷிஃப்ட் முடிந்து சிப்காட் வாசலில் வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்கள், காலையில் பெங்களூருக்குப் போகும் ரோஜாப் பூக்கட்டுகள், களத்தில் காயும் ராகி, இவை எல்லாம் இன்று சாதாரணம். அதனாலேயே இன்று எடுக்க வேண்டும்.

பஸ் என்றால் பதிவு எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், எடுத்த நிறுத்தம், பார்க்கும் திசை இவற்றைக் குறியுங்கள். ஓசூர் வண்டி டிஎன் 70 என்று தொடங்கும், கிருஷ்ணகிரி வண்டி டிஎன் 24. படம் மங்கலாக இருந்தாலும் இந்த இரண்டு எண்ணே ஊரைச் சொல்லிவிடும். தனியார் கார், பைக் எண்கள் தெரிந்தால் வெளியே கொடுக்கும் காப்பியில் மறைத்துவிடுவது மரியாதை. மனிதர்களை அருகில் எடுப்பதாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். போகட்டும், இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடும்.

குறிப்பைத் தமிழிலேயே எழுதலாமா? தாராளமாக. ஆனால் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பது முக்கியம். எக்ஸிஃபின் பழைய விளக்கப் பகுதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனதில் வைத்து உருவானது. அங்கே தமிழை எழுதினால் சில சாஃப்ட்வேர்களில் கேள்விக்குறிகளாகத் தெரியும். அதற்குப் பிறகு வந்த எக்ஸ்எம்பி என்ற பகுதி யூனிகோடை முழுமையாக ஏற்கும். டிஜிகேமில் கேப்ஷன் பகுதியில் எழுதினாலும், விண்டோஸ் டீடெய்ல்ஸ் டேபில் டைட்டில், டேக்ஸ் வரிகளில் எழுதினாலும் தமிழ் சரியாகப் பதிவாகும். எழுதுவது யூனிகோடாக இருக்கட்டும். பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் குறிப்பு எழுதி வைத்தவர்கள் இன்று அதைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். ஃபைல் பெயரிலும் தமிழ் வைக்கலாம். நான் தேதியை முன்னால் போட்டு '2024-11-17_சானமாவு_03' என்பது போல வைக்கிறேன். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் போல்டரில் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பில் போனால் என்ன ஆகும்?

இவ்வளவு பாடுபட்டு எழுதியதை ஒரே நொடியில் அழிப்பது எது தெரியுமா? வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்புவதுதான். அது படத்தைச் சுருக்குவதோடு எடுத்த தேதி, இடம் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கும், அதன் பின்னால் 'டபிள்யூஏ' என்று வரும். அந்தத் தேதி படம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. கல்யாண ஆல்பமே ஒரு மாதம் கழித்த தேதியில் இருப்பதன் ரகசியம் இதுதான். அசலை அனுப்ப வேண்டுமானால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். உள்ளே உள்ள குறிப்புகள் அப்படியே போகும்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உண்டு. சில நேரம் குறிப்பு போகக் கூடாது. வீட்டு வாசலில் எடுத்த குழந்தையின் படத்தில் உங்கள் வீட்டின் துல்லியமான இடம் இருக்கிறது. அதைவிட எங்கள் பக்கத்தில் பெரிய கவலை யானைப் படங்கள். சானமாவில் கூட்டம் நிற்கிறது என்று இடத்தோடு ஒரு படம் வெளியே போனால், ஒரு மணி நேரத்தில் பைக்குகள் வந்து நிற்கின்றன. விசில், செல்ஃபி, ஓட்டம். குட்டியோடு இருக்கும் தாய் யானை மிரண்டால் முதலில் அடிபடுவது வயலில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம் என்பது தனி.

அதனால் யானைப் படங்களுக்கு நான் இரண்டு காப்பி வைக்கிறேன். அசலில் எல்லாம் இருக்கும், அது வீட்டை விட்டுப் போகாது. வெளியே கொடுப்பதில் இடம் இருக்காது, அல்லது தோராயமாக இருக்கும். தோராயம் என்பதற்கும் கணக்கு உண்டு. பாகை எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் அது சுமார் 11 மீட்டர் துல்லியம், வயலின் வரப்பையே காட்டும். இரண்டு இலக்கம் என்றால் சுமார் 1.1 கிலோமீட்டர். ஒரு இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர். யானைக்கு ஒரு இலக்கம் போதும். படத்தையும் அன்றே போடாமல் கூட்டம் நகர்ந்த பிறகு போடுகிறேன்.

இடத்தை நீக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் டேபின் கீழே 'ரிமூவ் ப்ராபர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன்' என்ற இணைப்பைக் கிளிக் செய்து, காப்பி ஒன்றை உருவாக்கும் முதல் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வாய்ப்பு அசல் ஃபைலிலேயே நீக்கிவிடும், கவனம். ஐபோனில் ஷேர் செய்யும்போது மேலே 'ஆப்ஷன்ஸ்' தொட்டால் லொகேஷனை அணைக்கலாம்.

சேமித்து வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது பழைய சூத்திரம், இன்றும் சரி. என் அசல்கள் ஓசூர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒரு காப்பி வெளி டிஸ்க்கில், ஒன்று ஆன்லைனில். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டதால் எல்லாவற்றையும் அங்கே கொட்ட முடியாது. பொறுக்கி எடுத்துத்தான் ஏற்றுகிறேன். சிடியில் எழுதி வைத்தவர்கள் இந்த வாரமே ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள், படிக்கிறதா என்று. பிகாஸாவில் குறிப்பு எழுதி வைத்தவர்கள் கவனிக்க: 2016-ல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. அதில் முகங்களுக்கு வைத்த பெயர்கள் பலருக்கும் ஃபைலுக்குள் போகாமல் தனியாகவே தங்கிவிட்டன. எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் 'குறிப்பை ஃபைலுக்குள்ளேயே எழுது' என்ற செட்டிங் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். டிஜிகேமில் மெட்டாடேட்டா செட்டிங்ஸில் இருக்கிறது.

பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுக்க விரும்புபவர்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் நல்ல இடம். அங்கே ஏற்றும்போது எடுத்த தேதியையும் இடத்தையும் எக்ஸிஃபிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கடிகாரம் தவறாக இருந்தால் தவறும் சேர்ந்தே உலகத்துக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த வருடம் ராகி அறுவடை நேரத்தில் மறுபடி யானைகள் வந்தன. இந்த முறை பெரியப்பாவே தன் மொபைலில் எடுத்துவிட்டார். லொகேஷனை ஆன் செய்து கொடுத்திருந்தேன். படத்தை அனுப்பும்போது "டாக்குமெண்ட்டா அனுப்பணுமா, போட்டோவா அனுப்பணுமா?" என்று போன் செய்து கேட்டார். திறந்து பார்த்தேன். தேதி சரி, நேரம் காலை 6.12, ஜிபிஎஸ் நேரம் 00.42, இடம் அவர் வயலின் வடக்கு வரப்பு. குறிப்பில் தமிழில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'ராகி, சுமார் அரை ஏக்கர், கூட்டத்தில் குட்டி ஒன்று.'